புயல்களின் வரலாறு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

அக்டோபர் பிறந்துவிட்டால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை புயலைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. "வர்தா வந்து இத்தனை வருடமாகிவிட்டது, இந்த ஆண்டு பெரிதாக ஒன்று வந்தே தீரும்" என்கிறார் ஒருவர். "முன்பெல்லாம் இவ்வளவு புயல் ஏது?" என்கிறார் இன்னொருவர். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் பலர் புயல் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். இதற்கிடையில் அமெரிக்காவில் ஒரு டொர்னாடோ வீட்டுக் கூரைகளைப் பிய்த்தெறியும் காணொளி கைப்பேசிக்கு வந்துசேர, அதுவே நாளை திருவொற்றியூருக்கு வரப்போகிறது என்ற குறிப்போடு அது தெருவெங்கும் பரவுகிறது.

கடலை நம்பி வாழும் ஒரு கரையில் இந்தக் குழப்பம் சிறிய விஷயம் அன்று. வலையைக் கரையேற்றுவதா, படகை எங்கே கட்டுவது, வீட்டைவிட்டு எப்போது கிளம்புவது என்ற முடிவுகளை இத்தகைய பேச்சுகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. புயல்களின் பழைய பதிவுகள் எந்தப் பருவத்தில், எந்தக் கடலில், எந்தத் திசையில் ஆபத்து அதிகம் என்பதை நன்றாகவே காட்டுகின்றன. அடுத்தது எந்த ஆண்டு வரும் என்பதை அவை காட்டுவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு எங்கே விழுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு வேறு காற்றுகள்

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். வெப்பமண்டலக் கடலின் மேல் உருவாகி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்து, பல நாள்கள் உயிர்வாழும் சுழலையே இங்கே புயல் என்கிறேன். அமெரிக்கர்கள் ஹரிக்கேன் என்பதும், ஜப்பானிலும் பிலிப்பைன்ஸிலும் டைஃபூன் என்று அழைக்கப்படுவதும், வங்கக்கடலில் நாம் புயல் என்பதும் ஒரே வகை நிகழ்வுதான். எந்தக் கடலில் பிறக்கிறது என்பதைப் பொறுத்து அழைக்கும் பெயர் மாறுகிறது, உள்ளே நடப்பது மாறுவதில்லை.

டொர்னாடோ என்பது வேறு. அது பெரும்பாலும் நிலத்தின் மேல், ஒரு வலுவான இடிமேகத்தின் அடியிலிருந்து தரையைத் தொடுமளவுக்கு இறங்கும் குறுகிய காற்றுச்சுழல். அதன் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அடங்கும், ஆயுளும் பெரும்பாலும் சில நிமிடங்களே. ஆனால் அந்தச் சிறு வட்டத்துக்குள் வீசும் காற்று எந்தப் புயலையும் மிஞ்சக்கூடியது. 1999 மே 3 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் தோன்றிய ஒரு டொர்னாடோவில், ரேடார் கருவி மணிக்கு ஏறத்தாழ 480 கி.மீ. வேகத்தை அளந்தது. நம் வானிலைத் துறையின் அளவுகோலில் மிக உயர்ந்த வகையான சூப்பர் புயலுக்கு மணிக்கு 222 கி.மீ. இருந்தால் போதும்.

அத்திப்பட்டுப் புகையும் வங்கக்கடல் புயலும்

அத்திப்பட்டில் உள்ள அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளை வடசென்னையில் பார்க்காதவர் இருக்க முடியாது. புகைபோக்கி எப்படி இயங்குகிறது? அடியில் நெருப்பு எரிகிறது. சூடான காற்று இலேசானது என்பதால் மேலே ஏறுகிறது. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பப் பக்கங்களிலிருந்து புதிய காற்று அடுப்புக்குள் நுழைகிறது, அதுவும் சூடாகி மேலேறுகிறது. நெருப்பு இருக்கும்வரை இந்த ஓட்டம் நிற்பதில்லை.

புயலும் இப்படிப்பட்ட ஓர் ஓட்டமே. அதன் அடுப்பு, வெதுவெதுப்பான கடல். கடலின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமலும், அந்தச் சூடு ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம் வரை நீண்டும் இருக்க வேண்டும். மேற்பரப்பு மட்டும் சூடாக இருந்தால் போதாது, ஏனெனில் புயற்காற்று கடலைக் கலக்கி அடியிலுள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்து தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்ளும்.

இந்த அடுப்பின் விறகு நீராவி. கடல்நீர் ஆவியாகும்போது கடலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவி உயரத்தில் குளிர்ந்து மீண்டும் நீர்த்துளியாக மாறும்போது, எடுத்துக்கொண்ட வெப்பத்தை அங்கே விட்டுவிடுகிறது. இப்படி ஒளிந்திருந்து வெளிப்படும் வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். இது மேலுள்ள காற்றைச் சூடாக்க, காற்று இன்னும் வேகமாக ஏற, கடல்மட்டத்தில் காற்றழுத்தம் குறைய, சுற்றுப்புறக் காற்று இன்னும் விரைவாக உள்ளே பாய்கிறது. புயல் கரையேறியதும் வலுவிழப்பதற்குக் காரணம் நிலத்தின் உராய்வு மட்டும் அன்று, நீராவி கிடைக்காமல் அடுப்பு அணைந்துபோவதே முதன்மையான காரணம்.

சுழற்சி எங்கிருந்து வருகிறது? பூமி தன்னைத்தானே சுற்றுவதால், வடக்கு அரைக்கோளத்தில் நெடுந்தூரம் ஓடும் காற்று தன் வலப்பக்கமாக விலகுகிறது. இந்த விலக்கத்தைக் கொரியோலிஸ் விளைவு என்கிறார்கள். நடுவை நோக்கி ஓடிவரும் காற்று நேராக நடுவை அடைய முடியாமல் வலப்புறம் விலகி விலகி, கடைசியில் நடுவைச் சுற்றி இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், சுழலத் தொடங்குகிறது. நிலநடுக்கோட்டின் அருகே இவ்விளைவு மிகச் சிறியது. அதனால்தான் நிலநடுக்கோட்டிலிருந்து 5 டிகிரிக்குள் புயல் உருவாவது மிக அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே ஏறத்தாழ 1.4 டிகிரி அட்சரேகையில் உருவான வாமெய் ஓர் அபூர்வமான விதிவிலக்கு. சென்னையோ 13 டிகிரியில் இருக்கிறது.

இனி புகைபோக்கிக்கும் புயலுக்கும் உள்ள முக்கியமான வேற்றுமை. புகைபோக்கிக்குக் கற்சுவர் உண்டு, புயலுக்குச் சுவர் இல்லை. கீழே ஒரு திசையிலும் மேலே வேறு திசையிலும் காற்று வீசினால், புயலின் மேல்பாதி ஒருபக்கமும் கீழ்பாதி மறுபக்கமும் இழுக்கப்பட்டு, சூடு செங்குத்தாகச் சேராமல் சிதறிவிடுகிறது. உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் இப்படி மாறுவதை வானிலை ஆர்வலர்கள் விண்ட் ஷியர் என்கிறார்கள். இக்கட்டுரையில் அதை மேல்கீழ்க் காற்று வேறுபாடு என்று அழைப்போம். ஜூலை மாதப் பிற்பகல் ஒன்றில் அத்திப்பட்டை நோக்கினால் இது கண்ணுக்கே தெரியும். கடற்காற்று புகையை மேற்கே மீஞ்சூர்ப் பக்கம் சாய்த்திருக்கும். அதற்கு மேலே நடுத்தர உயரத்து மேகங்கள் தென்மேற்குப் பருவக்காற்றோடு கிழக்கே, கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். இன்னும் உயரத்தில் பஞ்சிழை போன்ற மெல்லிய மேகங்கள் மறுபடியும் மேற்கு நோக்கி நகரும். ஒரே வானத்தில் மூன்று அடுக்கு, மூன்று போக்கு.

சுருக்கமாகச் சொன்னால், ஆழம் வரை சூடான கடல், ஈரமான காற்று, பூமிச் சுழற்சியின் விலக்கம், குறைந்த மேல்கீழ்க் காற்று வேறுபாடு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கூடும்போது, அங்கே ஏற்கெனவே ஒரு சிறு தாழ்வழுத்தமும் இருந்தால், அது புயலாக வளர வாய்ப்பு உண்டு.

எந்த நிலையில் அது புயல் ஆகிறது

இந்திய வானிலை ஆய்வு மையம் காற்றின் வேகத்தைக் கொண்டே பெயரிடுகிறது. மணிக்கு 31 கி.மீ. வேகத்துக்குக் குறைவானது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் அதற்குப் பெயர் சூட்டப்படுகிறது. 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல் என்று படிகள் மேலே செல்கின்றன.

இந்த அளவுகோலில் மழைக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது, ஆனால் அன்று சென்னையைத் தாக்கிய புயல் எதுவும் இல்லை. மறுபுறம், வர்தா புயல் சென்னையைக் கடந்த 2016-ஆம் ஆண்டு, தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை மிக மோசமாகப் பொய்த்த ஆண்டுகளில் ஒன்று. பெருவெள்ளம் வந்த ஆண்டில் புயல் இல்லை, பெரும்புயல் வந்த ஆண்டில் மழை இல்லை. அடுத்தடுத்த இந்த இரண்டு ஆண்டுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால், புயலையும் வெள்ளத்தையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் தானாகவே விட்டுப்போகும்.

நமக்கு இரண்டு பருவம், அட்லாண்டிக்குக்கு ஒன்று

புயல்களின் பழைய பதிவுகளில் மிக உறுதியாகத் தெரியும் ஒழுங்கு அவற்றின் பருவமே. அட்லாண்டிக் பெருங்கடலில் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்று வகுக்கப்பட்டுள்ளது. அதன் உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி வருகிறது. கோடை முழுவதும் வெயிலில் காய்ந்த கடல் அப்போதுதான் முழுச் சூட்டை எட்டுகிறது என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதே. மேற்குப் பசிபிக் கடலோ ஏறக்குறைய ஆண்டு முழுவதும் சூடாக இருப்பதால் எந்த மாதத்திலும் புயலை எழுப்பக்கூடியது. உலகிலேயே அதிகப் புயல்கள் பிறப்பதும் அங்கேதான்.

வங்கக்கடலின் கணக்கு விசித்திரமானது. இங்கே ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொரு பருவம். முதலாவதில் மே மாதமும் இரண்டாவதில் நவம்பர் மாதமும் உச்சம். நடுவில் உள்ள ஜூலையிலும் ஆகஸ்டிலும் கடல் போதுமான சூட்டோடுதான் இருக்கிறது, காற்றில் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. இருந்தும் முழு வளர்ச்சி பெற்ற புயல்கள் அப்போது அரிதாகவே உருவாகின்றன. விடை, அத்திப்பட்டு வானத்தில் நாம் பார்த்த அந்த மூன்று அடுக்கில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கீழே மேற்குக் காற்றும், சுமார் 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து பாயும் ஒரு வேகமான காற்றோட்டமும் எதிரெதிராக ஓடுகின்றன. அந்த மேலடுக்கு ஓட்டம் ஏறத்தாழ நம் சென்னையின் அட்சரேகையை ஒட்டியே செல்கிறது. இத்தகைய இழுபறியில் புயலின் செங்குத்துத் தூண் நிலைப்பதில்லை. பருவக்காற்று பின்வாங்கிய பிறகு, அக்டோபரில், மேல்கீழ்க் காற்று வேறுபாடு தளர்கிறது. புயல் உருவாகும் இடமும் தெற்கே இறங்கி, தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் நேரெதிராக வந்துவிடுகிறது. சென்னையைத் தாக்கிய பெரும்புயல்களில் பெரும்பாலானவை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் வந்தமைக்கு இதுவே காரணம்.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு எண்பது, தொண்ணூறு புயல்கள் உருவாகின்றன என்றால், வங்கக்கடலும் அரபிக்கடலும் சேர்ந்து தருவது சராசரியாக ஐந்துதான். அவற்றிலும் நீண்டகாலக் கணக்கில் வங்கக்கடலின் பங்கு நான்கு, அரபிக்கடலின் பங்கு ஒன்று. எண்ணிக்கை குறைவென்று ஆறுதல் கொள்ள இடமில்லை. மனிதகுலம் பதிவுசெய்துள்ள மிகக் கொடிய புயல்களில் பெரும்பான்மை வங்கக்கடலில் பிறந்தவை. 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தைத் தாக்கிய போலா புயலில் இறந்தவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். ஆழமற்ற கடல், தாழ்ந்த கரை, நெருக்கமான மக்கள்தொகை, எச்சரிக்கை சென்றுசேராத தீவுகள் ஆகியவை ஒன்றுசேர்ந்ததால் நேர்ந்த அழிவு அது.

டொர்னாடோவுக்குத் தேவைப்படுவது நேர்மாறானது

புயலைக் கொல்லும் மேல்கீழ்க் காற்று வேறுபாடுதான் வலுவான டொர்னாடோவை உருவாக்குகிறது. கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும், திசை மாறியும் வீசும் காற்று, கண்ணுக்குத் தெரியாத ஓர் உருளையைப் போலக் கிடைமட்டமாகச் சுழல்கிறது. அங்கே ஓர் இடிமேகத்தின் மேலெழும் காற்று குறுக்கிட்டால், அந்த உருளையை நிமிர்த்திச் செங்குத்தாக்கிவிடுகிறது. இவ்வாறு தானே சுழலும் இடிமேகத்துக்கு சூப்பர்செல் என்று பெயர். மிக வலுவான டொர்னாடோக்கள் இவற்றிலிருந்தே இறங்குகின்றன.

அமெரிக்காவின் நடுப்பகுதி இதற்கென்றே அமைந்தது போன்ற நிலப்பரப்பு. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்றும், மேற்கே மலைகளைத் தாண்டி வறண்ட காற்றும், வடக்கேயிருந்து குளிர்காற்றும் வசந்த காலத்தில் அங்கே சந்திக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 1,200 டொர்னாடோக்கள் அந்நாட்டில் பதிவாகின்றன, மே மாதத்தில் மிக அதிகம். 1925 மார்ச் 18 அன்று மிசூரி, இல்லினாய், இண்டியானா ஆகிய மூன்று மாநிலங்களைக் கடந்த ஒரே டொர்னாடோவில் 695 பேர் இறந்தனர்.

நம் துணைக்கண்டத்திலும் டொர்னாடோ உண்டு, ஆனால் அதன் இடம் வங்காளச் சமவெளி. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சதுரியா பகுதிகளைத் தாக்கியதில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. உலகில் ஒரே டொர்னாடோ வாங்கிய மிக அதிக உயிர்ப்பலி அதுவே எனப்படுகிறது. அத்தகைய காற்றுச் சேர்க்கை சென்னைக் கரையில் வழக்கமாக அமைவதில்லை. கடலின் மேல் எப்போதாவது தும்பிக்கை போல் இறங்கும் நீர்ச்சுழல் பெரும்பாலும் சாதாரண மேகத்தின் கீழ் உருவாகிச் சற்று நேரத்தில் கலைந்துபோவது. படகில் இருப்பவருக்கு அது ஆபத்துதான், ஊருக்கு அன்று.

"ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை" என்றால் என்ன

சென்னையின் புயல் வரலாறு நீண்டது. 1746 அக்டோபரில், கோட்டையைக் கைப்பற்றிச் சில வாரங்களே ஆகியிருந்த பிரெஞ்சுக் கடற்படையின் கப்பல்களை இக்கரைக்கு எதிரிலேயே ஒரு புயல் சிதறடித்து மூழ்கடித்தது. 1881 நவம்பரில், கட்டுமானம் நடந்துகொண்டிருந்த சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை இன்னொரு புயல் உடைத்து, துறைமுகத்தின் அமைப்பையே பொறியாளர்கள் மறுபடி யோசிக்கும்படி செய்தது. 1966 நவம்பர் தொடக்கத்திலும், 1994 அக்டோபர் 31 அன்றும், 2016 டிசம்பர் 12 அன்றும் புயல்கள் நகரத்தின் மேலோ மிக அருகிலோ கரை கடந்தன.

கடைசி மூன்றை மட்டும் பார்த்தால் 28 ஆண்டு, 22 ஆண்டு என்று இடைவெளிகள் வருகின்றன. இதைக் கண்டவுடன் மனம் ஒரு கணக்குப் போடுகிறது: இருபத்தைந்து ஆண்டுக்கு ஒன்று, ஆகவே அடுத்தது 2040 வாக்கில் என்று. இங்கேதான் தவறு நிகழ்கிறது. 2016-இல் வந்த புயலுக்கு 1994-இல் வந்ததைப் பற்றி எதுவும் தெரியாது. கடலில் எந்தக் கடிகாரமும் ஓடிக்கொண்டிருப்பதில்லை.

வல்லுநர்கள் "ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை வரும் புயல்" என்று சொல்லும்போது, அவர்கள் குறிப்பது ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கான வாய்ப்பு 2 விழுக்காடு என்பதை மட்டுமே. இதற்கு மீள்வரவுக் காலம் என்று பெயர். ஒன்று வந்துவிட்ட மறு ஆண்டும் வாய்ப்பு அதே 2 விழுக்காடுதான், நாற்பது ஆண்டு வராமல் இருந்த பிறகும் அதே 2 விழுக்காடுதான். இவ்வாய்ப்பு ஆண்டுக்காண்டு சேரும்போது என்ன ஆகிறது என்று பார்க்கலாம். ஐம்பது ஆண்டுகளில் ஒருமுறையாவது அத்தகைய புயல் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. அதாவது ஐம்பது ஆண்டு முழுவதும் வராமலே போகும் வாய்ப்பும் 36 விழுக்காடு இருக்கிறது. கடன் வாங்கி எர்ணாவூரில் ஒரு வீடு கட்டி முப்பது ஆண்டு வாழ்பவர், அதைச் சந்திப்பதற்கான வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு. "இன்னும் காலம் இருக்கிறது" என்று நினைப்பவருக்கும், "இந்த ஆண்டு வந்தே தீரும்" என்று பயப்படுபவருக்கும் ஒரே பதிலை இந்த எண்கள் தருகின்றன. ஒவ்வோர் ஆண்டும் வாய்ப்பு சிறியது, ஒரு வாழ்நாளுக்கு அது பெரியது.

சில ஆண்டுகளில் வாய்ப்பு சற்றே கூடக் குறையச் சாயலாம் என்பதும் உண்மை. பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலையை எல் நினோ என்றும், குளிரும் நிலையை லா நினா என்றும் சொல்வார்கள். எல் நினோ ஆண்டுகளில் அட்லாண்டிக்கின் மேல் காற்று வேறுபாடு கூடுவதால் அங்கே புயல் குறைகிறது. லா நினா நிலவிய 2020-இல் அங்கே 30 புயல்களுக்குப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. நம் பக்கம் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை கூடும் போக்கு உண்டு, 2015 அதற்குச் சான்று. இவை எல்லாம் போக்குகள் மட்டுமே.

எண்ணிக்கை கூடியதா, பார்ப்பவர்கள் கூடினார்களா

"முன்பெல்லாம் இவ்வளவு புயல் இல்லை" என்பதை ஆராயும்போது, முன்பெல்லாம் புயலைப் பார்த்தவர்கள் யார் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடுக்கடலில் ஒரு புயல் இருந்ததென்று தெரியவேண்டுமானால், ஒரு கப்பல் அதில் மாட்டித் தப்பி வந்திருக்க வேண்டும். 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலுக்குப் பிறகே அங்கே துறைமுக எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875-இல் இந்திய வானிலைத் துறை அமைக்கப்பட்டது. 1960 ஏப்ரலில் டைரோஸ்-1 என்ற முதல் வானிலைச் செயற்கைக்கோள் ஏவப்பட்ட பிறகே, ஆளில்லாக் கடலின் மேலிருந்த புயல்களும் படிப்படியாகக் கண்ணில் படத் தொடங்கின. சென்னைத் துறைமுகப் பகுதியில் உயர்ந்த கட்டடம் ஒன்றின் மேலுள்ள டாப்ளர் ரேடார் 2002-இல்தான் வந்தது. மழைமேகம் எங்கே இருக்கிறது என்பதோடு, அது ரேடாரை நோக்கி வருகிறதா விலகிச் செல்கிறதா என்பதையும் அளக்கும் கருவி அது.

டொர்னாடோ பதிவுகளில் இது இன்னும் வெளிப்படை. அமெரிக்காவின் முறையான பதிவு 1950-இல் தொடங்குகிறது. அக்காலத்தில் ஆண்டுக்குச் சில நூறு மட்டுமே பதிவாயின, இப்போது ஆயிரத்தைத் தாண்டுகின்றன. கூடியவற்றில் மிகப் பெரும்பகுதி பலவீனமானவை. முன்பு யாருமில்லாத கோதுமை வயலில் தோன்றி மறைந்தவை, இன்று ரேடாரிலும் கைப்பேசிக் காமிராவிலும் சிக்குகின்றன. வலுவான டொர்னாடோக்களை மட்டும் எண்ணினால் அத்தகைய ஏற்றம் தெரிவதில்லை. ஆகவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் எந்தச் செய்தியையும், எண்ணிய முறை ஒன்றுதானா என்று கேட்ட பிறகே நம்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இறப்பு எண்ணிக்கை இதற்கு மாறான கதையைச் சொல்கிறது. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர். 2013 அக்டோபரில் அதே மாநிலத்துக்கு வந்த பைலின் புயலும் மிக வலுவானது, ஆனால் இறந்தவர்கள் சில பத்துப் பேரே. நடுவில் மாறியது கடல் அன்று. முன்னறிவிப்பு, புயல் பாதுகாப்புக் கட்டடங்கள், இலட்சக்கணக்கான மக்களை முன்கூட்டியே இடம்பெயர்த்த நிர்வாகம் ஆகியவையே மாறியிருந்தன.

உண்மையிலேயே மாறிவருபவை

கடல் சூடாவதால் உலகெங்கும் புயல்களின் மொத்த எண்ணிக்கை கூடிவிட்டது என்று காட்டும் தெளிவான சான்று இல்லை. கடந்த நாற்பது ஆண்டுகளில் கூடியிருப்பது, மொத்தப் புயல்களில் மிக வலுவானவற்றின் பங்கு. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும், ஆகவே ஒரே வலுவுள்ள புயல் முன்னைவிட அதிக மழையைத் தருகிறது. கடல்மட்டம் உயர்வதால், ஒரே உயர அலை முன்னைவிடத் தூரம் உள்ளே நுழைகிறது. அரபிக்கடலிலும் அண்மைப் பத்தாண்டுகளில் புயல்கள் கூடியுள்ளன. புயல் காற்றைவிட அதன் நீரே இனி நம் பெரிய கவலையாக இருக்க வேண்டும் என்பதற்கு 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் சரியான எடுத்துக்காட்டு. அது சென்னையில் கரை கடக்கவே இல்லை, ஆந்திரத்தின் பாபட்லா அருகே கடந்தது. ஆனால் அதற்குமுன் நம் கரைக்கு எதிரே மெதுவாக ஊர்ந்ததால், அதன் மழைப்பட்டைகள் நகரத்தின் மேல் நீண்ட நேரம் தங்கின. மணலித் தொழிற்பகுதியில் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் வந்துசேர்ந்து, வலைகளையும் படகுகளையும் அலையாத்தி வேர்களையும் கறுப்பாக்கியது.

புயலின் எந்தப் பக்கம் நாம் இருக்கிறோம்

வடசென்னைக்கு மிகவும் பயன்படும், ஆனால் மிகக் குறைவாகப் பேசப்படும் செய்தி இது. நம் கரைக்கு வரும் புயல்கள் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கு அல்லது வடமேற்கு நோக்கி வருகின்றன. சுழற்சியோ இடஞ்சுழி. ஆகவே புயலின் மையத்துக்கு வடக்கே இருக்கும் கரையில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கிறது. மையத்துக்குத் தெற்கே இருக்கும் கரையில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. முதல் பக்கத்தில் கடல்நீர் கரைமேல் தள்ளப்பட்டு ஏறுகிறது, இதற்குப் புயல் அலையேற்றம் என்று பெயர். இரண்டாம் பக்கத்தில் மரங்கள் விழலாம், கூரைகள் பறக்கலாம், ஆனால் நீர் ஏறும் ஆபத்து மிகக் குறைவு.

மாமல்லபுரம் அருகே ஒரு புயல் கரை கடக்கிறது என்றால், "அது தெற்கே போய்விட்டது" என்று காசிமேட்டில் நிம்மதி அடைவது தவறு. அப்போது காசிமேடும் திருவொற்றியூரும் எண்ணூரும் அதன் வலப்பக்கத்தில், கடலை எதிர்கொண்டு நிற்கின்றன. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் அங்கே கரை கடந்தபோது, காசிமேட்டில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சேதமடைந்தன. கடல்மட்டம் உயர்ந்து நிற்கும் வேளையில் கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் வெள்ளத்தைக் கடலில் விட முடியாமல் தேங்கும் என்பதும் இதனோடு சேர்ந்தது. பழவேற்காட்டுக்கு வடக்கே புயல் கடந்தால் நிலைமை நேர்மாறு. மையமே தலைக்கு மேல் வந்தால், வர்தாவின்போது நகரம் கண்டதுபோல, காற்று திடீரென ஓய்ந்து, சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி வீசும். அந்த ஓய்வில் வெளியே வருவது உயிருக்கு ஆபத்து.

துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்களிலும் இந்தப் பக்கக் கணக்கு இருக்கிறது. 1-ஆம், 2-ஆம் எண்கள் தொலைதூரக் கடலில் தாழ்வு மண்டலமோ புயலோ உருவாகியிருப்பதைச் சொல்கின்றன. 3-ஆம், 4-ஆம் எண்கள் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்கின்றன. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். இவற்றில் 5-உம் 8-உம், புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கத்தில் விட்டுச் செல்லும் என்று பொருள்படும். மேற்கு நோக்கி வரும் புயலுக்கு இடப்பக்கம் தெற்கு, ஆகவே நாம் நிலக்காற்றின் பக்கத்தில் இருப்போம். 6-உம் 9-உம் துறைமுகம் வலப்பக்கத்தில் இருக்கும் என்பதைக் குறிக்கும், அதாவது கடல் ஏறும் பக்கம். 7-உம் 10-உம் மையம் துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்கும் என்பதற்கு. 8-ஆம் எண் 6-ஐவிடப் பெரியது என்பதால் அலையேற்றமும் பெரிதாக இருக்கும் என்று கொள்ளக் கூடாது. 8 வலுவான புயலைக் குறிக்கிறது, ஆனால் கடல்நீர் வீட்டுக்குள் வரும் வாய்ப்பைக் கணிக்க விரும்பும் எண்ணூர்க் குப்பத்துக்காரர், 6, 7, 9, 10 ஆகிய எண்களில் ஒன்று ஏற்றப்படுகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.